மார்கழியில் மஞ்சள் கோடு

எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் ஒதியம்பட்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பொய் இல்லை, நீளம்தான். அந்த வாய் மட்டும் இல்லாமல் போயிருந்தால் என்னைப் பெட்டியோடு பாகூருக்கு அனுப்பியிருப்பார்கள். தொட்ட ரோஜாவைப் பட்டுப்போக வைத்தவள் என்ற பேரோடு பிறந்த வீட்டிலேயே கிழவியாகியிருப்பேன். அதனால் என் வாயைப் பற்றி யாரும் என்னிடம் குறையாகப் பேசக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பாகூரில் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கிணற்றடியில் வெண்டையும் கத்தரியும். நான் தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்க் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். மில்லில் ஷிப்டு வேலை. அவர் வீட்டில் பூச்செடித் தோட்டம் வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்று அம்மா சொன்னபோது எனக்குச் சபலம் தட்டியது உண்மை. மாப்பிள்ளையைவிடத் தோட்டத்தை நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, காகிதப்பூ என்று எல்லாம் இருந்தாலும் பேர் ரோஜாவுக்குத்தான். டவுனில் பங்களா வைத்திருப்பவர்கள், வில்லியனூர்க் கடைத்தெருக் குடும்பங்கள் எல்லோரும் வந்து தொட்டியோடு வாங்கிப் போவார்கள். மாமனார் கண்ணை மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது. மாமியார்தான் தோட்டம், மாமியார்தான் வியாபாரம். ஒட்டுக் கட்டுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாட்டு ரோஜாவின் தண்டில் பட்டையைக் கீறுவார். நல்ல ரகத்தின் கிளையில், இலைக்காம்புக்கு மேலே இருக்கும் சின்ன மொட்டைப் பட்டையோடு சீவி எடுப்பார். அதைத்தான் கண் என்பார்கள். அந்தக் கண்ணைக் கீறலுக்குள் செருகி வாழைநாரால் சுற்றிக் கட்டிவிட்டால் சில வாரத்தில் துளிர்த்துவிடும். குளித்து, விபூதி பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்த பிறகுதான் கத்தியைத் தொடுவார். ராசிக்கை என்று வாடிக்கைக்காரர்கள் சொல்லும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். அழகாக இருப்பார். கோபத்திலும் இதை ஒத்துக்கொள்கிறேன்.

நான் போன முதல் வாரமே சட்டம் போட்டுவிட்டார்.

"மாசத்துல அந்த மூணு நாளு தோட்டத்துப் பக்கம் தலவெச்சிப் படுக்கக் கூடாது. தெரிதா? உன் நெழலு பட்டாலே செடி கருகிடும்."

இது எனக்குப் புதிது இல்லை. பாகூரில் அம்மாவும் கறிவேப்பிலைச் செடி பக்கம் விட மாட்டாள். கொல்லையில் ஒரு சாய்ப்பு இருந்தது, ஓலை வேய்ந்தது. வீட்டுக்குத் தூரமானால் அதில்தான் தட்டு, பாய், சொம்பு எல்லாம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற நாளெல்லாம் தோட்டத்திலேயே கிடந்தேன். களை பிடுங்கினேன், தொட்டிக்கு மண் கலந்தேன், தண்ணீர் இறைத்தேன். எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை மாமியாரின் குரல் தோட்டத்திலிருந்து வந்தது.

"அடியே! இங்க வாடி! இன்னாடி இது?"

ஓடினேன். ரோஜா இலைகளில் மஞ்சள் கோடு. பழுத்த இலையின் மஞ்சள் இல்லை. பச்சைக்கு நடுவில் நெளிந்து நெளிந்து போகும் வெளிர்மஞ்சள், கோலம் போடத் தெரியாத குழந்தை இழுத்துவிட்ட கோடு மாதிரி. ஒரு செடியில் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தேன், அதில் இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் இருந்தது. புதிதாக விட்ட இலை சுருண்டிருந்தது, பூவும் சிறுத்திருந்தது.

"அத்தை, எங்க ஊர்ல வெண்டைக்கு நரம்பு மஞ்சளாகிற நோய் வருமே, அது மாதிரி இருக்கு. வைரஸ்னு சொல்வாங்க. கண்ணுக்குத் தெரியாத கிருமி" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாதது இன்னான்னு எனக்கும் தெரியும்டி. அதுக்குப் பேருதான் தீட்டு. எப்ப உள்ள பூந்த?"

சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமாகி வந்த நாலு மாசமும் அந்த நாட்களில் நான் சாய்ப்பை விட்டு நகரவே இல்லை. சொன்னேன். அழுதும் சொன்னேன். யார் கேட்டார்கள்? இத்தனை வருஷம் வராதது மருமகள் வந்த வருஷம் வந்திருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? அன்றோடு எனக்குத் தோட்டம் கிடையாது என்றாகிவிட்டது. மூன்று நாள் இல்லை, முப்பது நாளும். வேலிக்கு இந்தப் பக்கம் அடுப்பும் பாத்திரமும் மட்டும் என் பங்கு. பக்கத்து வீட்டு அம்மாளிடம் மாமியார் பேசியது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் பேசினார்.

"செடியே தாங்கலியே, இவ வயித்துல எதுனா தங்குமா?"

அதைக் கேட்ட இடத்திலேயே என் கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். வேண்டுமென்றே போட்டேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் ஏற ஏறப் புது இலைகள் பச்சையாக விட்டன. சித்திரையில் தோட்டத்தில் ஒரு மஞ்சள் கோடு இல்லை. பழைய இலையெல்லாம் உதிர்ந்துபோய்ச் செடிகள் கண்ணைப் பறித்தன. மாமியார் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? அவள உள்ள உடல. தானா போயிடுச்சி பாரு."

வந்தவர்கள் எல்லாம் தோட்டத்தைப் பார்த்தார்கள், பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. அன்றைக்குப் பூராவும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் உள்ளே இருந்தபோது வந்தது, நான் வெளியே போனதும் போனது. படித்த படிப்பெல்லாம் பொய்யோ, நிஜமாகவே என் உடம்பில்தான் ஏதோ இருக்கிறதோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் யாரையும் மன்னிக்கவில்லை. மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். ஒருத்தியை அவள் கையைப் பார்த்து அவளே பயப்படும்படி செய்தார்களே, அதை எப்படி விடுவது?

அன்று சாயங்காலம் மாமியார் மகனை உட்காரவைத்துச் சொன்னார்.

"வர்ற மார்கழில ஒரு எலையில மஞ்சள் கண்டாலும் இவ பாகூர்லயே இருக்கட்டும். வேற வழியில்ல. தோட்டம் போச்சின்னா சோறு போச்சி."

"செரிம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "செரிம்மாவா? செரிம்மான்னா இன்னா அர்த்தம்?"

"இப்ப தோட்டம் நல்லாதான இருக்குது? திரும்ப வராதுன்னுதான்..."

"வரும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு உறுதியாகத் தெரியாது. இந்த மாதிரி நோய் செடிக்குள் புகுந்துவிட்டால் விட்டுப் போகாது, சில சமயம் வெயிலுக்கு ஒளிந்துகொண்டு குளிருக்கு வெளியே தலைகாட்டும் என்று வகுப்பில் கேட்ட ஞாபகம் மட்டும் இருந்தது. அப்படியென்றால் என் நிலைமை என்ன? நான் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் மார்கழியில் மஞ்சள் வரும். வந்தால் நான் வெளியே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாகூர் நிச்சயம். அது எங்கிருந்து வருகிறது என்று நான் அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

தடை என் காலுக்குத்தானே, கண்ணுக்கு இல்லையே. சாய்ப்பில் உட்கார்ந்தால் வேலிவழியே தோட்டம் முழுக்கத் தெரியும். மார்கழியில் எந்தெந்தச் செடி மஞ்சளானது என்று எனக்கு மனப்பாடம். வெண்டைப் பாத்தியில் நோய் வந்தால் ஒரு மூலையில் ஆரம்பித்து அக்கம்பக்கத்துக்குப் பரவும், வெள்ளை ஈ தூக்கிக்கொண்டு போகும். இங்கே அப்படி இல்லை. இங்கொன்று, அங்கொன்று. மஞ்சளான செடிக்கும் மஞ்சளான செடிக்கும் நடுவில் இருந்த வெள்ளை ரோஜாக்கள் கிண்ணென்று இருந்தன. என் நிழல் என்ன, தாவித் தாவியா விழுகிறது?

அப்போதுதான் மாமியாரிடமே கேட்கலாம் என்று தோன்றியது. அவருக்கு ஒவ்வொரு செடியின் பூர்வோத்தரமும் தெரியும். சாயங்காலம் பூக்கட்ட உட்காருவார், அப்போது பேச்சுக் கொடுத்தால் கொட்டிவிடுவார்.

"அத்தை, அந்த மூலைல இருக்கே, அது எந்தச் செடியோட கண்ணு?"

"அது கெணத்தடித் தாயோடது."

"தொட்டி வரிசைல ரெண்டாவது?"

"அதுவும் அந்தத் தாயோட புள்ளதான். ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

கிணற்றடியில் இருந்தது பழைய ரோஜா, அடர்ந்த ரோஸ் நிறம், வாசனை தெருமுனைக்கு வரும். மாமனார் டவுனில் ஒரு பிரெஞ்சுக்காரர் பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது அந்தச் செடியைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டாராம். மாமியார் அதற்குத்தான் முதல் தண்ணீர் ஊற்றுவார். நான் மனசுக்குள் வைத்திருந்த மஞ்சள் செடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் கிணற்றடிச் செடியின் கண் வைத்துக் கட்டியவை. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதோடு, மாமியார் கிணற்றடிச் செடியிலிருந்து கண் எடுத்து எக்கச்சக்கமாகக் கட்டியது எனக்குக் கல்யாணம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால்தானாம். நோய் காற்றில் வரவில்லை, நிழலில் வரவில்லை. குளித்து விபூதி பூசிய கை கண்ணோடு சேர்த்து அதையும் வைத்துக் கட்டியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆனால் இதை அப்படியே சொன்னால் நடக்குமா? அந்த வீட்டில், அந்தச் செடியைப் பற்றி? வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய சந்தர்ப்பங்கள் குறைவு, இது அதில் ஒன்று.

அந்த வைகாசியில் டவுனிலிருந்து ஒரு பெரியவர் வந்து கிணற்றடிச் செடியின் பிள்ளைகளில் ஒன்றைத் தொட்டியோடு வாங்கிப்போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சொல்தா என்பார்கள் அந்த மாதிரி ஆட்களை. வெள்ளை வேட்டி, தலையில் தொப்பி, பேச்சில் அதிகாரம். செடி அப்போது பச்சைப்பசேலென்று இருந்தது.

ஆடி வந்தது. வீராம்பட்டினத்தில் அம்மன் தேர். வீட்டில் எல்லோரும் கிளம்பினார்கள். எனக்கு அன்று இரண்டாம் நாள். கோயிலுக்குப் போக முடியாது, அதனால் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனார்கள். "சாய்ப்ப உட்டு நவுராத" என்று சொல்லிவிட்டு மாமியார் மாட்டுவண்டியில் ஏறினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நல்ல பிள்ளையாக நின்றேன்.

பிறகு வேலிப் படலைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் போனேன்.

பயந்துகொண்டுதான் போனேன். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு செடி விடவில்லை. ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாவற்றையும் தொட்டேன், இலையைத் தடவினேன், மண்ணைக் கிளறிவிட்டேன். தீட்டுத்தான் காரணம் என்றால் வா, எல்லாவற்றுக்கும் வா, வந்து பார். அப்படிச் சத்தமாகவே சொன்னேன், கேட்க ஆளில்லை என்றாலும். பிறகு என் பழைய சேலையைக் கிழித்து, கிணற்றடிச் செடிக்கும் அதன் பிள்ளைகளுக்கும் மட்டும் ஆளுக்கொரு துணி கட்டினேன். கடைசியாக இரண்டு நாட்டு ரோஜாத் தொட்டிகளைச் சாய்ப்புக்குக் கொண்டுவந்தேன். ஒன்றில் கிணற்றடிச் செடியின் கண், இன்னொன்றில் வெள்ளை ரோஜாவின் கண். இரண்டையும் என் கையாலேயே கட்டினேன். மாமியார் அளவுக்கு நேர்த்தி வராது. ஆனால் இரண்டும் பிடித்துக்கொண்டன.

மறுநாள் காலையில் துணிகளைப் பார்த்துவிட்டு மாமியார் போட்ட சத்தம் இருக்கிறதே, அப்பப்பா!

"தூரமா இருந்துகினு உள்ள பூந்தியா? ஐயோ, என் தோட்டத்த அழிச்சிட்டாளே!"

"பூந்தேன் அத்தை. எல்லாச் செடியையும் தொட்டேன். வெள்ளை ரோஜாவையும்தான் தொட்டேன். இப்பவே சொல்லிடறேன் கேட்டுக்குங்க. மார்கழியில துணி கட்டின செடி மட்டும் மஞ்சளாகும். மத்ததுல ஒரு கோடு வராது."

தெருச் சனம் வேலியோரம் கூடிவிட்டது. நல்லது, எல்லோரும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்தவர், சைக்கிளைப் பிடித்தபடியே பேயறைந்த மாதிரி நின்றார். நான் கட்டிய துணியை மாமியார் அவிழ்க்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மழை. சாப்பாட்டை எனக்குத் தனியாக வைத்தார்கள். மாமியார் என்னோடு பேசுவதில்லை, சுவரோடு பேசுவார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஒரு வெள்ளை ரோஜா தப்பித்தவறி மஞ்சளானால்? துணி கட்டியதில் பாதி பச்சையாகவே நின்றுவிட்டால்? பனி விழ ஆரம்பித்ததும் விடிந்தும் விடியாமல் வேலியோரம் போய் நிற்பேன். நோய் வரட்டும், வரட்டும் என்று வேண்டிக்கொண்ட தோட்டக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தது. மார்கழி பாதியில், துணி கட்டிய செடிகளில் ஒவ்வொன்றாக அதே நெளிந்த கோடு. வெள்ளை ரோஜாவில் இல்லை, மஞ்சள் ரோஜாவில் இல்லை, செம்பருத்தியில் இல்லை. சாய்ப்பில் இருந்த இரண்டு தொட்டிகளில் கிணற்றடிக் கண் வைத்தது கோடு விட்டிருந்தது, வெள்ளைக் கண் வைத்தது பச்சை. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"பாருங்க அத்தை! சொன்னேனா இல்லையா?"

மாமியார் என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்தார்.

"துணி கட்டிச் செய்வினை வெச்சிட்டாடா. நானும் அன்னிக்கே நெனச்சேன், அதான் அத்தத் தொடல. எதுல கட்டனாளோ அதுதான் வெந்துபோச்சி பாரு. பெட்டிய எட்றா."

நான் அடையாளத்துக்குக் கட்டிய துணி செய்வினையாகிவிட்டது! என் கண்ணில் நீர் முட்டியது, ஆத்திரத்தில். என் வீட்டுக்காரர் பரணில் இருந்த என் தகரப் பெட்டியை எடுத்துத் திண்டாடிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தார். கீழே வைக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. நான் சாய்ப்புக்கு ஓடி இரண்டு தொட்டிகளையும் இடுப்புக்கொன்றாகத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தேன்.

"இதுல எங்க துணி? ரெண்டுலயும் துணி இல்ல. இது ஏன் மஞ்சளாச்சி?"

"உன் கையால வெச்ச கண்ணு. உன் கை லட்சணம் அது."

"ரெண்டும் என் கையால வெச்சதுதான். ஒரே நாள்ல, தூரமா இருந்த அதே நாள்ல வெச்சது. இது ஏன் பச்சையா இருக்கு?"

மாமியார் பச்சைத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பதில் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. கிடைத்திருக்கவும் கூடும். அதற்குள் வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. சொல்தா பெரியவர் இறங்கினார், பின்னால் அவருடைய சமையல்காரர் தொட்டியோடு. வைகாசியில் வாங்கிப்போன செடி. இலையெல்லாம் மஞ்சள் கோடு.

"இன்னாம்மா இது? உன்னண்ட வாங்கும்போது பச்சையா இருந்துச்சி. குளிரு வந்ததும் இப்பிடிக் கோடு போட்டுகினு நிக்குது. என்னா குடுத்த எனக்கு?"

நான் யாரையும் முந்தவிடவில்லை. "ஐயா, உங்க வூட்ல பொம்பளைங்க யாரு இருக்காங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பொஞ்சாதி போயி வருஷக் கணக்காச்சி. நானும் இவனுந்தான். எதுக்குக் கேக்கிற?"

"செடிக்குத் துணி எதுனா கட்டி வெச்சீங்களா?"

"செடிக்கு எதுக்குடி துணி? பைத்தியமா உனக்கு?"

நான் மாமியாரைப் பார்த்தேன். பெண் வாடையே இல்லாத வீடு. என் நிழல் எட்டாத தூரம். நான் துணி கட்டுவதற்கு முன்பே படி இறங்கிப்போன செடி. கடைசியாக ஒரு கேள்வியும் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், ஆனால் அடக்க முடியவில்லை.

"அத்தை, இது எந்தத் தாயோட புள்ள?"

மாமியார் பெரியவருக்கு ஒரு வெள்ளை ரோஜாவை மாற்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனார். கீழ்க்கிளையின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அங்கேயும் கோடு இருந்தது, மெல்லியதாக. பெரிய செடியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"இது எப்பவுமே குளிருக்குக் கொஞ்சம் வெளுக்கும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அவரு கொண்டாந்து நட்ட வருஷத்துலேர்ந்தே அப்பிடித்தான். அதுக்கு அதுதான் சுபாவம்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அவர் தலையைக் குனிந்து அந்தச் செடியின் தண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கடப்பாரையை அவரே எடுத்தார். மகன் கைகொடுக்கப் போனார். "நீ தள்ளுடா" என்றார். கிணற்றடிச் செடியின் வேர் ஆழமாகப் போயிருந்தது, மூச்சு வாங்க வாங்கத் தோண்டினார். அதைப் பிடுங்கிய பிறகு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குவித்து எரித்தார். அழவில்லை. பச்சை முள் வெடித்து வெடித்து எரிந்தது. என் பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது, அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. மறுவாரம் என்னிடமே வந்து, "வேற எதுல இந்த நோய் கீதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். கேட்டாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர் இருக்கும்போதே எல்லாத் தாய்ச்செடிகளையும் இலை இலையாகப் பார்த்தோம், இரண்டு பேரும் சேர்ந்து. சந்தேகப்பட்ட செடியிலிருந்து கண் எடுத்து நல்ல செடியில் வைத்துத் தனியாக ஒதுக்கினோம், அடுத்த குளிருக்குக் கோடு விடுகிறதா என்று பார்க்க.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாசியில் வெள்ளை ரோஜாவின் கண் எடுத்துப் புதிதாகக் கட்ட ஏற்பாடு நடந்தது. நாட்டு ரோஜாக்கள் வரிசையாகத் தயாராக நின்றன. எனக்கு அன்று மறுபடி அந்த நாள். மாமியார் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"போயி சாய்ப்புல ஒக்காரு. நாளு கழிச்சி வா."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "அத்தை, நோய் எங்கேருந்து வந்துச்சின்னு நீங்களே பாத்தீங்களே? நீங்களே பிடுங்கி எரிச்சீங்களே?"

"நோய் வேற, தீட்டு வேற" என்றார், கத்தியைக் கழுவிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நான் சாய்ப்புக்குப் போய் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷம்! ஒரு வருஷம் இலை இலையாகப் பார்த்து, அடையாளம் கட்டி, கண் வைத்து, குளிருக்குக் காத்திருந்து நிரூபித்தேன். கடைசியில் நான் நிரூபித்தது ரோஜாவின் நோயைத்தான். என்னை அல்ல. என்னை நிரூபிக்க நான் என்ன குற்றவாளியா? என் உடம்புக்கு ரோஜா இலையிடம் போய் நற்சான்று வாங்கிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தபோதுதான் நிஜமான கோபம் வந்தது. மாமியார் மேல் இல்லை, என் மேல்.

எழுந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. படலைத் திறந்துகொண்டு உள்ளே போய், அவருக்கு எதிர்வரிசையில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, கிளையிலிருந்து ஒரு கண்ணைச் சீவி எடுத்தேன்.

மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியே, இன்னா பண்ற? எழுந்து போ. செடி வாடிடும்."

"வாடாது அத்தை."

"வாடிச்சின்னா?"

கண்ணைக் கீறலுக்குள் செருகினேன். வாழைநாரைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினேன்.

"வாடினா வாடட்டும். வாடினாலும் வருவேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலியோரம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து நின்றுவிட்டாள். என் வீட்டுக்காரர் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றார்.

"கொழுப்புடி உனக்கு" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தேன்.